ஒன்பதாம் மாடிக் கரிச்சான்

அன்று காலை ஐந்தரைக்குக் கூவவேண்டிய குயில் ஐந்து முப்பத்து நான்குக்குத்தான் கூவியது. அந்த நான்கு நிமிடத்துக்குள் மேகலை அடுக்ககச் சங்கத்துக்குப் பதினேழு புகார்கள் வந்துவிட்டன. நிஜப் பறவைகள் நகரத்தை விட்டுப் போய் நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கூவுவது, பறப்பது, பால்கனிக் கம்பியில் உட்கார்ந்து தலையைச் சாய்ப்பது எல்லாவற்றையும் எந்திரப்புட்கள் பார்த்துக்கொண்டன. அவற்றைப் பழுதுபார்ப்பவள் எழினி.

பதினெட்டாவது புகாரோடு சங்கச் செயலாளர் சற்குணம் நேரிலேயே வந்து நின்றார்.

“ஒன்பதாவது மாடியில ஒண்ணு கெட்டுப்போச்சும்மா. நேரங்காலம் இல்லாம கத்துது. அணைச்சாலும் அணைய மாட்டேங்குது. அதக்கூட விடு, என் சட்டையில எச்சம் போட்டுருச்சு! எச்சம் போடுற மாடல் நாம வாங்கவே இல்லையே?”

எழினி வலையோடு போனாள். பழைய குழாயைப் பிடுங்கிய இடத்தில் சுவரில் ஓர் ஓட்டை. உள்ளே நார், வேர், யாரோ சீவிப் போட்ட தலைமுடி, அதன்மேல் புள்ளி போட்ட நான்கு முட்டைகள். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை கம்பியில் வாலைத் தூக்கிக்கொண்டு பாடியது. அதன் வயிற்றில் மின்னேற்றும் துளை இல்லை. பழைய பதிவுகளைத் தேடியதில் பெயர் கிடைத்தது: குண்டுகரிச்சான். நிஜப் பறவை! எழினி வலையைச் சுருட்டிக் கீழே வைத்தாள்.

பட்டியலில் இல்லாததைக் குப்பையில் போடவேண்டும் என்பது சங்க விதி. உண்மையைச் சொன்னாலோ ஊரே திரண்டுவிடும். அவள் கொஞ்சம் யோசித்து, ஓட்டைக்குப் பக்கத்தில் ‘பழுது’ என்ற சிவப்புத் தாளை ஒட்டினாள்.

“உதிரிபாகம் வர ஒரு மாசம் ஆகும் சார். அதுவரைக்கும் யாரும் கிட்ட வராதீங்க, ஷாக் அடிக்கும்.”

“ஐயையோ!” என்று சற்குணம் இரண்டடி பின்வாங்கினார்.

கெட்டுப்போன பொருளை மனிதன் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பன்னிரண்டு நாள் அந்தப் பறவைகளை யாரும் தொந்தரவு செய்யவில்லை. பெண் அடைகாத்தது, ஆண் பாடியது, எழினி தினமும் எட்ட நின்று பார்த்துவிட்டுப் போனாள். பன்னிரண்டாம் நாள் காலை ஒரு முட்டையில் மெல்லிய விரிசல் தெரிந்தது.

அப்போதுதான் அவளுக்குக் கட்டைவிரல் அரித்தது. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் கட்டைவிரல் நுனியில் செய்திச்சில்லு பதித்திருப்பார்கள். ஆள்காட்டி விரலில் இரண்டு தட்டுத் தட்டினால் கண் பார்ப்பது படமாகி மற்றவர்களுக்குப் போய்விடும். எழினி தட்டினாள். பத்தொன்பது பேர் இருக்கும் குடும்பக் குழுவுக்கு மட்டும்தான். ‘நிஜப் பறவை! எங்க மேகலை அடுக்ககத்தில், ஒன்பதாம் மாடியில்தான்! யாருக்கும் சொல்லிடாதீங்க’ என்றும் சேர்த்து அனுப்பினாள்.

அடிப் பாவி!

அவள் அண்ணி அதைத் தன் அலுவலகத் தோழிகளுக்கு மட்டும் அனுப்பினாள். அவர்கள் மிகவும் வேண்டியவர்களுக்கு மட்டும் அனுப்பினார்கள். யாரும் அந்தக் கடைசி வரியை நீக்கவில்லை. மதியத்துக்குள் பதினோராயிரம் பேரிடம் ‘யாருக்கும் சொல்லிடாதீங்க’ போய்ச் சேர்ந்திருந்தது.

மூன்று மணிக்கு ஒன்பதாம் மாடியில் நிற்க இடமில்லை. பிஸ்கட்டோடு வந்தவர்கள், குழந்தையைத் தோளில் தூக்கியவர்கள், ஓட்டைக்குள் விளக்கடித்தவர்கள்.

“தள்ளிப் போங்க, தயவுசெஞ்சு தள்ளிப் போங்க!” என்று எழினி கத்தினாள்.

“ஒரே ஒரு படம்தான்மா. நாங்கல்லாம் இயற்கையை ரொம்ப நேசிக்கிறவங்க.”

பெண் பறவை வெளியே பாய்ந்தது. இரண்டும் கம்பியில் நின்று ‘ச்ர்ர், ச்ர்ர்’ என்று தொண்டை கிழியக் கத்தின. “பாடுது பாரு!” என்று கூட்டம் பூரித்தது. அரைமணி நேரம் கத்திவிட்டு இரண்டும் பறந்து போயின. திரும்பவே இல்லை.

எல்லோரும் போனபின் எழினி ஓட்டைக்குள் கைவிட்டாள். நான்கு முட்டையும் சில்லிட்டுக் கிடந்தன. விரிசல் விட்டதைக் கையில் எடுத்தவள் “நான்தான் கொன்னேன்” என்று சொல்லி அழுதாள்.

சங்கம் இரங்கல் கூட்டம் போட்டது. சற்குணம் உண்மையாகவே கண்கலங்கினார். நினைவாக ஓர் எந்திரக் கரிச்சான் வைப்பதென்று தீர்மானம் நிறைவேறியது. செய்யவேண்டியவள் எழினிதான்.

உடம்பு சுலபமாக வந்துவிட்டது, குரலுக்குத்தான் திண்டாட்டம். கூட்டத்தில் வந்தவர்கள் எடுத்த ஒலிப்பதிவுகளிலும் ‘ச்ர்ர்’ மட்டுமே இருந்தது. அவளிடம் இருந்ததோ ஊமைப் படம். பன்னிரண்டு நாள் கேட்ட பாட்டை வாய்க்குள் முனகிப் பார்த்தாள். ஒரு துணுக்குகூட வரவில்லை. படம் பிடிப்பதிலேயே குறியாக இருந்தவளுக்கு அந்தக் கடைசிக் காலைப் பாட்டும் காதில் ஏறவில்லை.

கடைசியில், கிடைத்த அந்த ‘ச்ர்ர்’ குரலையே பொருத்திவிட்டுச் செயலாளரிடம் போனாள். “சார், இது பாட்டில்ல. முட்டைகிட்ட வராதீங்க, போங்க போங்கன்னு அதுங்க நம்மள விரட்டினது.”

சற்குணம் கேட்டுப் பார்த்தார். இன்னொரு தடவையும் கேட்டார்.

“பரவால்லம்மா, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இத மட்டும் யாருக்கும் சொல்லிடாத.”

எழினி சொல்லவில்லை. தினமும் காலை ஐந்தரைக்கு அந்தப் பறவை ‘போ, போ’ என்று விரட்டுகிறது. நானூறு வீடுகள் ‘ஆஹா’ என்று ஜன்னலைத் திறக்கின்றன.