காளான் பறித்தவளின் முதற்கவளம்

ஐப்பசி மழை ஓய்ந்த அந்தி. மேகங்களை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்த முழுமதி, மலையடிவாரத்துச் சிற்றாற்றின் மீது பாலொளியைப் பொழிந்துகொண்டிருந்தது. ஆனால் கரையில் பசியோடு கிடந்த வீரர்களில் ஒருவருக்காவது நிலவை ரசிக்கும் நிலை இருந்ததா என்ன? அவர்களுடைய கோட்டையைப் பகைவர் முற்றுகையிட்டிருந்தார்கள். உள்ளே பெண்டு பிள்ளைகள் பட்டினி. மலைத் தலைமை காட்டுவழியைத் திறந்துவிட்டால்தான் இளவரசன் விறல்வேலன் பகைவரின் முதுகில் பாய முடியும். தூது போயிற்று, மறுமொழி வரவில்லை.

அன்று பகலில் குன்றி என்றொரு மலைப்பெண் வந்து வீரர்களைக் காட்டுக்குள் அழைத்துப்போனாள். முதல்நாள் இடித்த இடிக்குப் புற்றைச் சுற்றிலும் காளான்கள் வெண்குடை விரித்திருந்தன.

"மெதுவா, அண்ணே! பகைவன் தலையா இது, இப்படித் திருகிப் பிடுங்குறீங்க? புத்தை ஒடைச்சா அடுத்த மழைக்கு ஒண்ணும் முளைக்காது. விரியாத மொட்டுங்களை விட்டுடுங்க!"

அவளுடைய கூடையைச் சுமந்து நடந்தவன் இளவரசனேதான்! அவன் பார்வை காளான்மேல் இருந்ததா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், வாசகர்களே.

இப்போது, நிலவொளியில், காளான் கறி கொதித்து இறங்கியது. குன்றி பானையருகே கையை நீட்டினாள். தளபதி மழவராயர் இளவரசன் காதில், "பகைவன் அனுப்பின ஆளா இருந்தா?" என்று கிசுகிசுத்தார்.

"பெண்ணே, முதலில் நீ உண்!" என்றான் விறல்வேலன்.

நீட்டிய கை நின்றது.

"பறிச்சவதான் முதல்ல சாப்பிடணும், அது எங்க மலை வழக்கம். யாரும் சொல்லாமலே சாப்பிடுவோம். விஷம் வெச்சவன்னு தீர்ப்பான ஆளைத்தான் 'தின்னு'ன்னு சொல்லுவோம்."

அவள் ஒரு பிடி எடுத்து, எல்லோரும் பார்க்க மென்று விழுங்கினாள். பிறகு சீழ்க்கை அடித்தாள். மரங்களிடையே இருந்து வில்லாளிகள் வெளிப்பட்டு, "தலைவி!" என்று பணிந்தார்கள்.

"உங்க தூது வந்துச்சு, இளவரசே. அனுப்பினவர் எப்படிப்பட்டவர்னு பார்க்க நானே வந்தேன். கூடை தூக்கினப்போ நல்ல மனுசன்னுதான் நெனைச்சேன்."

விறல்வேலனின் முகம் கவிழ்ந்தது. போரில் தோற்றிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்க மாட்டான்.

"வழியை விடுறேன். உங்களுக்காக இல்ல. கோட்டைக்குள்ள பசியில அழுவுற பிள்ளைகளுக்காக."

கேட்டது கிடைத்துவிட்டது; பெற்றுக்கொள்ளத்தான் அவனுக்குக் கை எழவில்லை.

"தலைவியாரே, மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. பிறந்தது முதல் என் உணவை வேறொருவன் தின்று பிழைத்த பிறகே நான் தொட்டு வந்தேன். அவன் முகத்தை ஒருநாளும் நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. இன்றோடு அது ஒழிந்தது. என் உயிருக்காக இன்னொருவர் வாயை இனி முன்னால் நிறுத்த மாட்டேன். இது என் குலத்தின் மேல் ஆணை!"

குன்றி திரும்பிப் பார்க்கவில்லை. "சரி, ஆறிப்போவுது. சாப்பிடுங்க."

அவன் ஒரு கவளம் எடுத்து வாயிலிட்டான். அது அத்தனை ருசியாக இருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.