மூசைக்குள் மூச்சு

துருத்தியை நிறுத்தி, கசடை வழித்த பிறகு, உருகிய அலுமினியம் சலனமற்று அடங்கிக் கிடந்த நேரத்தில், உருக்கும் கலமான மூசையின் நடுவே ஒரு குமிழி எழுந்து உடைந்தது.

சவரிமுத்து கரண்டியைக் கீழே வைத்தார். ஈரம் பட்டால்தான் குமிழி வரும். ஈரத்திலிருந்து பிறக்கும் வாயு உருகிய உலோகத்துக்குள் ஒளிந்திருந்து, வார்த்து ஆறும்போது ஓட்டை ஓட்டையாக வெளிப்படும். அதற்குப் பயந்துதான், தொப்பூர்க் கணவாயில் கவிழ்ந்த லாரியின் கியர் பெட்டியை உடைத்து, துண்டுகளை மதியம் முழுக்க உலைமேல் காயவைத்திருந்தார்.

பட்டறை முதலாளி நஞ்சப்பன் வீட்டுக்குக் கிளம்பும்போதுகூடச் சொல்லியிருந்தார். "அண்ணே, போன வாரம் ஊத்துன சட்டி பூரா ஓட்டைங்க. இந்தத் தடவையும் அப்படியே வந்தா பட்டறைய மூட வேண்டியதுதான்."

"நல்லா காயவச்சிட்டனுங்க. நீங்க போங்க."

வெளியே எழுபத்தொன்றாம் வருட ஐப்பசி மழை தகரக்கூரையில் இரைந்துகொண்டிருக்க, கணவாய் ஏற்றத்தில் ஒரு லாரி முனகிக்கொண்டே ஏறி ஓய, நனைந்த கரியின் வாடையும் சூடேறிய மண் அச்சுகளின் வாடையும் கலந்த அந்த அந்திக் கருக்கலில் இன்னொரு குமிழி எழுந்தது. உப்பியது. நின்றது. 'ஹா' என்று உடைந்தது. பிறகு இன்னொன்று. ஒரே சீராக.

மனைவி ஞானமேரி இறந்துபோன பிறகு, வீட்டில் படுக்கப் பிடிக்காமல் பட்டறையிலேயே முடங்கிக்கொள்கிறவர் அவர். பக்கத்தில் இன்னோர் உயிர் மூச்சுவிடும் சத்தம் கேட்டே இரண்டு வருடமாகிறது. பயத்துக்கு முன்னால் அவருக்கு வந்தது சந்தோஷம். முக்காலியை உலையோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யாருங்க?" என்றார், தணிந்த குரலில்.

குமிழி உடைந்தது.

அப்போதுதான் கவனித்தார். அவர் மூச்சை விடும்போதெல்லாம் அது வந்தது. அடக்கிப் பார்த்தார். உலோகம் அசையவில்லை. விட்டார். குமிழி. தன் மூச்சேதானா என்று சிரிப்பு வந்தது. மறுபடி அடக்கிக்கொண்டு, குனிந்து பார்த்தார்.

குமிழி எழுந்தது.

அவர் விடவில்லை. அது விட்டது.

வாயைத் திறந்தார். காற்று உள்ளே போகவில்லை. நெஞ்சில் கைவைத்தார். விலா அசையவில்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். மழைக்காற்று முகத்தில் அறைந்து, உதட்டோடு நின்றது. நஞ்சப்பன் போன திசையைப் பார்த்துக் கூப்பிட்டார். சத்தமில்லை.

விழுவோம் என்று வெகுநேரம் காத்திருந்தார். விழவில்லை. வலிக்கவும் இல்லை.

திரும்பினார். தணல் கறுத்திருந்தது. மூசையில் உலோகம் இறுகி, சாம்பல் நிறத்தில் தோல் கட்டியிருந்தது. இறுகிய பிறகும் அந்தத் தோல் மெல்ல ஏறியது. இறங்கியது. ஏறியது. அயர்ந்து தூங்குகிறவரின் நெஞ்சைப் போல.