பின்னறை இருமல்

உலு லங்காட் மலைப்பாதையில் வீட்டுச் சாமான் ஏற்றிய லோரி முக்கி முனகி ஏறி வந்து சேர்ந்தபோது காலை பத்து மணி. ஆனாலும் அந்த வீட்டைச் சுற்றி இன்னும் விடியாத மாதிரியே இருந்தது. பனி கலையவில்லை. ஈர மண்ணும் அழுகிய டுரியான் தோலும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது.

ராதாகிருஷ்ணன் முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பண்டமாரானில் இருந்த பழைய வீட்டில் ஜன்னலைத் திறந்தால் லோரிப் புகை வரும். மூடினால் மனைவி உஷாராணி புழுக்கத்தில் இருமுவாள். ஆஸ்துமா. கையில் மூச்சு மருந்துப் பம்பு இல்லாமல் கடைக்குக்கூடப் போகமாட்டாள். நல்ல காற்று கிடைத்தால் தேவலை என்று டாக்டர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். மனுஷன் அதையே பிடித்துக்கொண்டார். பூச்சோங்கில் இருக்கும் மகன் ரிஷி தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல் பண்டமாரான் வீட்டை விற்றார். படியேறினால் அவளுக்கு மூச்சு வாங்குமே என்று, மாடியில்லாத வீடாகத் தேடித் தேடி இதை வாங்கினார்.

முன்பக்கம் அழகுதான். பின்னறைதான் ஒரு மாதிரி. அதன் ஜன்னலைத் திறந்தால் கை எட்டும் தூரத்தில் மலை நிற்கும். மலையின் செம்மண்ணிலும் அறைச் சுவரிலும் எந்நேரமும் நீர் கசியும். பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டும்.

வழியில் மண் சரிந்து, புதுமனைப் பூசைக்கு வரவேண்டிய ஐயரால் வரமுடியவில்லை. நல்ல நேரம் தவறக்கூடாதென்று உஷாராணியே அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினாள்.

"பொங்குதுங்க! சீக்கிரம் வேண்டிக்குங்க!"

ராதாகிருஷ்ணன் சமையலறைக்கும் பின்னறைக்கும் பொதுவான சுவரில் உள்ளங்கையை வைத்தார். சில்லென்றிருந்தது.

"இவ இருமல், இரைப்பு எல்லாத்தையும் நீயே எடுத்துக்க. இவள மட்டும் எனக்கு விட்டுடு."

"சாமிகிட்ட கேக்காம சுவத்துகிட்டயா கேப்பாங்க?"

"முருகன் பத்துமலையில பிஸியா இருப்பாரு லா," என்று சிரித்தார்.

அவளும் சிரித்தாள். இருமாமல் சிரித்தாள்.

அன்று மதியத்தோடு இருமல் போனது. ஒரு வாரத்தில் பம்பை எங்கே வைத்தோம் என்பதையே மறந்தாள். ராதாகிருஷ்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. மகனுக்குப் போன் போட்டுப் பெருமை அடித்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள், சாப்பாட்டுக்குப் பிறகு ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பின்னறையில் இருமல் கேட்டது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று, பிறகு நெஞ்சைக் கிழிக்கும் இரைப்பு. இருபது வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல்.

தண்ணீரோடு ஓடினார்.

அறையில் யாருமில்லை.

ஜன்னலுக்கு வெளியே மலை மட்டும் நின்றது. முன்வாசலில் உஷாராணி மிளகாய் பறித்துக்கொண்டே பாடுவது கேட்டது.

அவளிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? மறுநாள் மதியம் அவள் சோபாவில் கண்ணயர்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முகத்தையே பார்த்தார். நிம்மதியான தூக்கம். ரொம்ப நிம்மதி.

நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

மூக்கருகே விரலை வைத்தார். காற்று இல்லை.

"உஷா!"

சட்டென்று கண் திறந்தாள். "என்னங்க, டீ வேணுமா?"

அவள் பேசும்போதும் உதட்டருகே காற்று இல்லை. பின்னறையில் மட்டும் யாரோ மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாமானாவது மண்ணாவது என்று அவளைக் காரில் ஏற்றினார். ரிஷி வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னார். பேரப்பிள்ளைக்கு என்ன வாங்கிப்போவது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவள், மூன்றாவது வளைவில் பேச்சை நிறுத்தினாள்.

உதடு நீலம் பாரித்திருந்தது.

கைப்பையைக் கொட்டிப் பம்பைத் தேடி வாயில் வைத்து அழுத்தினார். மருந்து உதட்டோரமாக வெளியே வழிந்தது. உள்ளே இழுக்க மூச்சில்லை. அழுதுகொண்டே காரைத் திருப்பினார்.

வீட்டு கேட்டுக்குள் நுழைந்ததும் அவள் கண் திறந்தாள்.

"ஏன் திரும்பிட்டீங்க? எதையாச்சும் மறந்துட்டீங்களா?"

அவர் நேராகப் பின்னறைக்குப் போய், அந்த ஈரச் சுவரின் முன்னால் மண்டியிட்டார். துறைமுகத்தில் ஒருவருக்கும் தலை குனியாத மனுஷன்.

"தெரியாம கேட்டுட்டேன். அவ மூச்ச குடுத்துடு," என்று கிசுகிசுத்தார். "ஒனக்கு ஒன்னு வேணும்னா, என்னுத எடுத்துக்க."

இரைப்புச் சத்தம் சட்டென்று நின்றது.

காது கொடுத்துக் கேட்பவர்கள் அப்படித்தான் அடங்குவார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மனசுக்குள் சின்னதாக ஒரு நம்பிக்கைகூட வந்தது. பாவம்.

மறுநாள் காலை கேஸ் கொண்டுவரும் வாசு, மேட்டில் லோரி ஏறாமல் கீழேயே நின்று ஹார்ன் அடித்தான். ராதாகிருஷ்ணன் இறங்கிப்போய், சிலிண்டரைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். இளவட்டம் வாசு பின்னால் வெறுங்கையோடு வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னா அங்கிள்... இந்த வயசுல... ஒங்களுக்கு மூச்சே வாங்கலையே லா!"

ராதாகிருஷ்ணன் சிலிண்டரை இறக்கினார். விரலைத் தன் மூக்கருகே கொண்டுபோனார்.

ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தார்.

சமையலறையிலிருந்து உஷாராணி எட்டிப் பார்த்தாள். அவள் நெஞ்சைப் பார்த்தார். அது அசையவில்லை. அவர் மூச்சை எடுத்துக்கொண்ட சுவர், அவளுடையதைத் திருப்பித் தரவில்லை.

வாசு வீட்டுக்குள் தலையை நீட்டிக் காதைத் தீட்டினான்.

"பின்னாடி ஆளு இருக்காங்களா அங்கிள்? ரெண்டு பேரு இருமுறாங்க."