கடல் ஒதுக்கி வைத்தது

"அம்மா, என்ன ஆச்சு?" என்றாள் கடுகு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவுக்கு அது கேட்கவில்லை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கையில் உறை, வாயில் முகமூடி. கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அந்தக் கண் சரியில்லை.

கடுகு என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. ஆளும் சிறிசு, வாயைத் திறந்தால் படபடவென்று வெடிப்பாள் என்று மாமா வைத்த பெயர். பள்ளி விட்டதும் அம்மாவின் ஆய்வகத்துக்கு வந்து, இந்தக் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். உள்ளே போகக் கூடாது. போகிறவர்கள் மோதிரம், கடிகாரம், ஏன், தலையில் குத்திய ஊக்கைக்கூடக் கழற்றிவிட வேண்டும்.

அம்மா அங்கே கடலில் இருக்கும் இரும்பை அளக்கிறாள்.

"கடல்ல ஏதும்மா இரும்பு? கப்பல் முழுகினதா?" என்று முன்பொரு நாள் கடுகு கேட்டாள்.

"இல்லடி, தண்ணியிலேயே கரைஞ்சிருக்கறது. ஒரு நீச்சல் குளம் நிறையக் கடல் தண்ணி எடுத்தா, அதுல குண்டூசித் தலை அளவு இரும்பு இருக்கும்."

"இத்தனூண்டா? அதைப் போய் எதுக்கு அளக்கற?"

"கடல் மேல கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிச் செடிங்க கோடி கோடியா மிதக்குது. அந்தத் துளி இரும்பு இல்லன்னா அதுங்க வளராது. அதுங்க வளரலன்னா மீனுக்குச் சாப்பாடு இல்ல. நாம இழுக்கற மூச்சுலகூட அதுங்களுக்குப் பங்கு இருக்கு."

அன்றிலிருந்து கடுகு குண்டூசியைக் கொஞ்சம் மரியாதையாகத்தான் பார்ப்பாள்.

அந்த இரும்பு வருஷம் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. மழைக்காலத்தில் ஓர் அளவு, வெயில் காலத்தில் ஓர் அளவு. அதற்காகத்தான் அம்மா மாதம் தவறாமல் மாமாவின் படகில் போய்த் தண்ணீர் எடுத்து வருகிறாள். காற்றுக் காலத்தில் மட்டும் எடுத்ததே இல்லை. போன வருஷம் அலை விடவில்லை. இந்த வருஷம்தான் முதல் முறையாக எடுத்து வந்திருக்கிறாள்; இன்று அளப்பது அதைத்தான்.

அம்மா முகமூடியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள். பின்னாலேயே ஆய்வகத் தலைவியும் வந்தார். எல்லோரும் அவரை மேடம் என்பார்கள்.

"இரும்பு எக்கச்சக்கமா இருக்கு. தண்ணியில துரு விழுந்திருக்கு. படகு இரும்புப் படகுதானே?" என்றார் மேடம்.

வாசலில் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த மாமாவின் காதில் அது விழுந்தது. அவர் மெதுவாக நிமிர்ந்தார்.

"நான்தான் மேடம். தண்ணி எடுக்கப் போன அன்னிக்குக் காலையில படகுத் துருவை நல்லாச் சுரண்டினேன். அக்கா சுத்தம் சுத்தம்னு உயிரை விடறாளே, படகும் சுத்தமா இருக்கட்டும்னு..."

"அடப்பாவி, சுரண்டினியா?" என்று அம்மா தலையில் கை வைத்தாள்.

"தூள் கொஞ்சம் பறந்துச்சுக்கா."

மேடம் பெருமூச்சு விட்டார். "உங்க மேல கோபம் இல்ல தம்பி. ஆனா அந்தத் தண்ணியக் கொட்டிடணும். அடுத்த மாசத்துலேருந்து வேற படகு பார்த்துக்கறோம்."

மாமா தலையை ஆட்டினார். வாய் மூடாத மனிதர் பேசாமல் நின்றதைக் கடுகால் பார்க்க முடியவில்லை.

"மேடம், நான் ஒண்ணு கேட்கலாமா?"

"வேண்டாம்னா விடவா போற? கேளு."

"போன வாரம், அம்மா தண்ணி எடுக்கப் போறதுக்கு முன்னாடி, எங்கேயோ பாலைவனத்துலேருந்து செம்புழுதி பறந்து வந்துச்சே. எங்க வீட்டு ஜன்னலெல்லாம் சிவப்பு. அது கடல்ல மட்டும் விழாம இருந்திருக்குமா?"

"விழுந்திருக்கும். அதுலயும் இரும்பு உண்டு. ஆனா துருவா புழுதியான்னு எப்படிச் சொல்றது?"

"துருன்னா பாட்டில்ல மட்டும்தானே இருக்கும்? புழுதின்னா கடல் முழுக்க இருக்கும். மாமா படகைத் தூரமா நிறுத்திட்டு, ரப்பர் படகுல துடுப்புப் போட்டுப் போய் எடுத்துப் பாருங்களேன்."

மேடம் அம்மாவைப் பார்த்தார். "சரி, இன்னொரு தடவை எடுத்துடுங்க. அதுவரைக்கும் பழைய பாட்டிலைக் கொட்ட வேண்டாம்."

அடுத்த விடுமுறை நாளில் கடுகையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கரை மறைந்தது. கடுகு உயிர்காப்புச் சட்டைக்குள் ஆமைபோலத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். திடீரென்று மாமா எஞ்சினை நிறுத்தினார்.

"அக்கா, இங்க வா."

போன தடவை நீலமாக இருந்த கடல் பச்சையாக இருந்தது.

ஏதோ ஓர் ஓரத்தில் இல்லை. கண் போகிற தூரம் வரைக்கும், வானம் வந்து தொடுகிற கோடு வரைக்கும் பச்சை. வெயில் பட்ட இடம் இளந்தளிர் மாதிரியும், மேக நிழல் விழுந்த இடம் காட்டைப் போலவும் இருந்தது. எங்கேயும் ஓர் இலைகூட இல்லை. ஆனாலும் ஒரு பெரிய வயல் அசைந்து அசைந்து மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

"அந்தக் குட்டிச் செடிங்களாம்மா?" கடுகின் குரல் தானாகவே தாழ்ந்தது.

"ஆமாண்டா."

"ஒண்ணுகூடக் கண்ணுக்குத் தெரியாதுன்னு சொன்னியே."

"ஒண்ணா இருந்தா தெரியாது."

மூவரும் ரப்பர் படகில் இறங்கி, இரும்புப் படகை விட்டுக் காற்றுக்கு எதிராக வெகுதூரம் போனார்கள். அம்மா புது உறை மாட்டி, பிளாஸ்டிக் கழியில் கட்டிய பாட்டிலை நீட்டித் தண்ணீர் எடுத்தாள். மாமா மூச்சைக்கூட வேறு பக்கம் திரும்பி விட்டார்.

அத்தனை பாடுபட்டும், ஆய்வகத்தில் வந்த முடிவு வேறாக இருந்தது. புதுத் தண்ணீரில் இரும்பு அனேகமாக இல்லவே இல்லை.

"அப்ப பழசுல இருந்தது துருதான்," என்றார் மேடம். சொல்ல அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"செடிங்க தின்னு தீர்த்திருக்கலாம் மேடம். கடல் எப்படிப் பச்சையா இருந்துச்சு தெரியுமா?" என்றாள் அம்மா.

"இருக்கலாம்னு சொன்னா போதுமா? காட்டணுமே."

அன்று மாமா அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். சாப்பிட்டார் என்று பேர்தான், சோற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

"விடுக்கா. மீன் பிடிக்கப் போறேன். மீன் என் படகைப் பார்த்து முகம் சுளிக்காது."

அம்மாவுக்குத் தாங்கவில்லை. கோபத்தைக் கடுகின் தட்டின் மேல் காட்டினாள். "இதைப் பாரு. மறுபடியும் வெங்காயத்தை ஒதுக்கி வச்சிருக்கா. சமைச்சவ என்ன போட்டா, இவ எதைத் தின்னான்னு தட்டைப் பார்த்தே சொல்லிடலாம்."

கடுகு தட்டைக் குனிந்து பார்த்தாள். சோறு காலி. ஓரத்தில் வெங்காயம் மட்டும் குட்டி மலைபோலக் கிடந்தது.

"அம்மா, அந்தப் புழுதியில இரும்பு மட்டும்தான் இருக்கா?"

"மண்ணுதானேடி. எல்லாம் இருக்கும். அலுமினியம் நிறையவே இருக்கும்."

"செடிங்க அதையும் தின்னுமா?"

"அது எதுக்கு அதுங்களுக்கு? அப்படியே தண்ணியிலதான்..."

அம்மா கடுகின் தட்டைப் பார்த்தாள். வெங்காயத்தைப் பார்த்தாள்.

"டேய் தம்பி, உன் படகுத் துருவுல அலுமினியம் வருமா?"

"என் படகுல இருக்கறது இரும்பும் மரமும்தான். ஏன்க்கா?"

அம்மா கையைக் கழுவ எழுந்துவிட்டாள்.

மறுநாள் மாலை கண்ணாடிக்கு வெளியே கடுகும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அம்மாவும் மேடமும், இரண்டு வெள்ளை உருவங்கள், ஒரே திரையைக் குனிந்து பார்த்தபடி நின்றார்கள். வெகுநேரம் அசையவில்லை. அப்புறம் அம்மா திரும்பினாள். கண் மட்டும்தான் தெரிந்தது. அது சிரித்தது.

மேடமே வெளியே வந்தார். "பழைய பாட்டில், புது பாட்டில், ரெண்டுலயும் அலுமினியம் ஏகமா இருக்கு. படகுக்குப் பக்கத்துல எடுத்ததுலயும் இருக்கு, தூரத்துல எடுத்ததுலயும் இருக்கு. புழுதிதான். இரும்பைத் தின்னுட்டு இதைக் கடல் ஒதுக்கி வச்சிருக்கு."

"வெங்காயம் மாதிரி," என்றாள் கடுகு.

"எந்த வெங்காயம்?"

"அது எங்க வீட்டு விஷயம் மேடம்," என்றாள் அம்மா அவசரமாக.

மேடம் மாமாவின் பக்கம் திரும்பினார். "தம்பி, கொட்டச் சொன்னேனே, அந்தத் தண்ணிதான் இந்த வருஷத்துக்கே முக்கியமானது. அடுத்த மாசம் உங்க படகுதான். ஒரே ஒரு வேண்டுகோள்."

"சுரண்ட மாட்டேன் மேடம். தொடக்கூட மாட்டேன்."

வீடு திரும்பியதும் அம்மா கேட்டாள், "அந்த ஜன்னலைத் துடைன்னு சொல்லி எத்தனை நாளாச்சு?"

கடுகு துணியை எடுத்துக்கொண்டு போனாள். ஜன்னல் கட்டையில் செம்புழுதி இன்னும் மெல்லிசாகப் படிந்திருந்தது. விரலால் ஒற்றி எடுத்துப் பார்த்தாள். விரல் நுனி சிவந்தது. எத்தனை மலை, எத்தனை ஊர் தாண்டி வந்ததோ. இதில் ஒரு சிட்டிகைதான் அத்தனை பெரிய கடலையும் பச்சையாக்கியதா?

துணியைக் கீழே வைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். காற்று கடல் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"போ, அங்க பசியா இருப்பாங்க," என்று சொல்லி, விரல் நுனியை ஊதினாள்.