மூன்றாம் முறை கூப்பிட்டபோது

மகளை அழைத்துக்கொண்டு வெண்கலம் நீதிமன்றப் படியேறும்போதே மழை பிடித்துக்கொண்டது. பழைய கட்டடம். உள்ளே போனால் பகலிலும் கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். நீண்ட தாழ்வாரம், அது திரும்புகிற மூலையில் ஒரே ஒரு மரப் பெஞ்சு. சுவரில் ஓதம் ஏறி, சுண்ணாம்பு உரிந்து தொங்கியது.

"இங்கயே உக்காரும்மா. வாசல்கிட்ட கூட்டம் நெரியும்."

"இங்க இருந்தா கேக்குமாப்பா?"

"நான் கூப்பிட்டா செத்தவனுக்கும் கேக்கும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தப் பெஞ்சில் அவளை உட்கார வைக்க அவருக்கு மனமே இல்லை. ஆனால் வேறு பெஞ்சு இல்லை.

வெண்கலம் அந்த நீதிமன்றத்தின் டவாலி. வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை. வழக்கு எடுக்கப்படும்போது வாசலில் நின்று சம்பந்தப்பட்டவரின் பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றாவது முறைக்கும் ஆள் வராவிட்டால் மனு தள்ளுபடி. இதற்கு மேல் அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது, இது போதாதா என்ன? அவர் தொண்டையைத் திறந்தால் எதிர்ச்சாரி டீக்கடையில் கண்ணயர்ந்தவன்கூடத் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நிற்பான். வெண்கலம் என்ற பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது.

மருமகன் செல்போன் பழுது பார்க்கிறவன். கடைத்தெருவில் ஒரு தள்ளுவண்டிக்காரரைப் போலீஸ் போட்டு மிதித்ததைத் தன் போனில் படம் பிடித்துவிட்டான். அன்று இரவே வீட்டுக்கு ஜீப் வந்தது. ஸ்டேஷனில் போய்க் கேட்டால், "நாங்க யாரையும் கூட்டிட்டு வரலியே" என்கிறார்கள். என் கணவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று மகள் மனுப் போட்டிருக்கிறாள். இன்று தள்ளுபடியாகிவிட்டால், அவன் எங்கே என்று கேட்க உலகத்தில் வேறு வாசல் கிடையாது.

தாழ்வாரத்தில் ஒதுங்கியிருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

"மனுப் போட்டா வந்துடுவானாக்கும்? அவங்களும் இவங்களும் ஒரே கூட்டு."

"உள்ள இருக்கறவர் நிமிர்ந்துகூடப் பாக்க மாட்டாராமே."

வெண்கலத்துக்கு முகம் சுட்டது. கோர்ட்டை ஊர் திட்டும்போது சண்டைக்குப் போகிற ஆள்தான் அவர். இப்போதெல்லாம் போவதில்லை.

வாசலை நெருங்கியபோது அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் தூணில் சாய்ந்து நின்றார். சிரித்த முகம். அந்தச் சிரிப்பைத்தான் வெண்கலத்துக்குப் பார்க்கப் பிடிக்காது.

"என்ன வெண்கலம், இன்னைக்கும் தொண்டை கட்டியிருக்கா?"

வெண்கலம் மூலைப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, அது என் பொண்ணு."

"தெரியும்யா. அதான் சொல்றேன். மனு கினு எதுக்கு? பையனை ரெண்டு நாள்ல நானே அனுப்பி வைக்கிறேன். நீ முன்ன மாதிரி கொஞ்சம் மெதுவா கூப்பிடு, போதும்."

முன்ன மாதிரி.

போன வருடம் இதே மழைக்காலத்தில் ஒரு தையல்காரி வந்தாள். அச்சகத்தில் வேலை பார்த்த அவள் தம்பி, ஸ்டேஷனில் ஒருவர் செத்தது எப்படி என்று கேட்கிற ஒரு துண்டறிக்கையை அச்சடித்துக் கொடுத்தான். மை காயுமுன் அவனைக் காணோம். எந்த வக்கீலும் கிட்டே சேர்க்காததால் அவளே மனு எழுதிக் கொடுத்துவிட்டு அந்த மூலைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். சும்மா இருக்கத் தெரியாதவள். மடியில் துணியை வைத்து ஓரம் அடித்துக்கொண்டும், கத்தரியால் நூலை வெட்டிக்கொண்டும் இருந்தாள்.

அந்த வாரம்தான் வெண்கலத்தின் மகன் பைக்கில் போய் ஒருவரை இடித்துவிட்டான். இன்ஸ்பெக்டர் அதை வழக்காக்காமல் விட்டார். பதிலுக்கு அவர் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பொம்பளை பேரை மெதுவா கூப்பிடு" என்றார். அவ்வளவுதான்.

வெண்கலம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு மூன்று முறை கூப்பிட்டார். அவர் மீசைக்குக்கூடக் கேட்டிருக்காது. மழை வேறு அடித்துக்கொண்டிருந்தது. தள்ளுபடி.

சாயங்காலம் அவள் ஓடி வந்தாள். "என் பேரைக் கூப்பிட்டாங்களாண்ணே?"

"இல்லம்மா. நாளைக்கு வா."

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். மனுவே செத்துப்போனது தெரியாமல் தினமும் வந்து அதே கேள்வியைக் கேட்டாள். இவரும் அதே பதிலைச் சொன்னார், ஏனென்றால் அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை. ஒருநாள் அவள் கேட்கவில்லை. பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள், இன்றைக்குத் தப்பித்தோம் என்று வெண்கலம் பூனை நடை நடந்து போய்விட்டார். காலையில் கூட்டுகிறவள் தொட்டுப் பார்த்து அலறினாள்.

அதன் பிறகுதான் அந்தச் சத்தம். யாரைக் கூப்பிட்டாலும், இரண்டாவது அழைப்புக்கும் மூன்றாவது அழைப்புக்கும் நடுவில், தாழ்வாரத்தின் மூலையிலிருந்து கேட்கும்.

நறுக்.

யாரோ நூல் வெட்டுகிற சத்தம். வேறு யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. மாற்றல் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை.

"என்னய்யா யோசனை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"முடியாதுங்க" என்றார் வெண்கலம். இன்ஸ்பெக்டர் தோளைக் குலுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே நீதிபதி தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். எதிரில் நிற்பது மனிதனா மரமா என்று பார்த்து அவருக்குப் பழக்கமில்லை. திடீரென்று மின்சாரம் போனது. மின்விசிறி முனகி நின்றது. மழைச் சத்தம் மட்டும் கூரையில் கொட்டியது. ஜன்னலோரத்து வெளிச்சத்தில் எழுத்தர் மகளின் மனுவை எடுத்து வைத்து, வெண்கலத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

வெண்கலம் வாசலில் போய் நின்றார். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தார். மகளின் பெயரைக் கூப்பிட்டார்.

சத்தம் வரவில்லை.

வாய் திறந்திருந்தது. நாக்கு அசைந்தது. காற்றுகூட வந்தது. குரல் மட்டும் இல்லை.

"சத்தமா கூப்பிடுங்க" என்றார் எழுத்தர் எரிச்சலாக. இன்ஸ்பெக்டர் இவரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். சொன்னபடி கேட்கிறான் என்று நினைத்திருப்பார்.

வெண்கலம் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் முறை கூப்பிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றுமில்லை. ஓடிப்போய் மகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம் என்று திரும்பினார். கால் நகரவில்லை. உடுப்பின் ஓரத்தை யாரோ நிலைப்படியோடு சேர்த்துத் தைத்துவிட்டது போலிருந்தது.

தையல் எந்திர எண்ணெய் வாசனை. ஈரத் துணியின் வாசனை.

நறுக்.

இந்த முறை அது மூலையிலிருந்து வரவில்லை. அவர் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

"என் பேரைக் கூப்பிட்டாங்களாண்ணே?"

வெண்கலத்துக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தாயே, என்னை என்ன வேணும்னாலும் செய், என்று மனசுக்குள் கதறினார். என் பொண்ணு ஒரு பாவமும் அறியாதவ, அவளை விட்டுடு, கூப்பிட்டேன் தாயே, உனக்குக் கேக்காத மாதிரி கூப்பிட்டேன்.

வாசனை விலகியது. ஈரக்காலோடு யாரோ தாழ்வாரத்தில் நடந்து போகிற சத்தம் மூலை வரைக்கும் போய் நின்றது.

அப்புறம் ஒரு குரல் கேட்டது. இவர் குரல் இல்லை. ஒரு பெண்ணின் குரல். மகளின் பெயரை, தூங்குகிற குழந்தையை எழுப்புவது போல, ஒரே ஒரு முறை கூப்பிட்டது.

மகள் மூச்சிரைக்க ஓடி வந்து உள்ளே நுழைந்தாள்.

"வந்துட்டேன்யா!"

போகிற போக்கில் அப்பாவிடம் குசுகுசுத்தாள். "நீங்க கூப்பிட்டதே கேக்கலப்பா. பக்கத்துல ஒரு அக்கா தைச்சுக்கிட்டிருந்தாங்க. அவங்கதான் எழுப்பிவிட்டாங்க. கை அப்படிச் சில்லுனு இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் வழக்கமான பாட்டைப் பாடினார். "நாங்க யாரையும் கூட்டிட்டு வரலைங்க."

"பொய்ங்கய்யா" என்றாள் மகள். "அவர் செருப்பு ஸ்டேஷன் வாசல்லயே கிடக்கு. வலது வாரு அறுந்து நான்தான் பச்சை நூல்ல தைச்சுக் கொடுத்தேன். காலைலகூடப் பாத்துட்டு வந்தேன்."

நீதிபதியின் பேனா நின்றது. "செருப்பு வந்திருக்குன்னா காலும் வந்திருக்கணுமே. சாயங்காலத்துக்குள்ள ஆளைக் கொண்டு வாங்க" என்றார், தலை நிமிராமலே.

வெண்கலம் கதவைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவுதானா? ஒருத்தி உள்ளே வந்து நின்று வாயைத் திறந்தால் போதுமா? அந்தத் தையல்காரியிடமும் இப்படி ஏதாவது ஒரு செருப்போ சட்டையோ சொல்ல இருந்திருக்கும். சொல்ல விடாமல் செய்தது போலீஸும் இல்லை, நீதிபதியும் இல்லை. இந்தத் தொண்டைதான்.

சாயங்காலம் மருமகனைக் கொண்டுவந்தார்கள். முகம் வீங்கி, ஒரு கண் மூடியிருந்தது. ஆனால் உயிரோடு இருந்தான். மகள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். மின்சாரம் இன்னும் வரவில்லை. எழுத்தர் மேசையில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்தார்.

"அடிச்சாங்களா?" என்றார் நீதிபதி காகிதத்தைப் பார்த்து.

"அடிச்சாங்கய்யா. என்கூட உள்ள இன்னொருத்தர் இருந்தாரு. அவரை என்னைவிட அதிகமா அடிச்சிருக்காங்க."

"இவன் தனியாத்தாங்க இருந்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். காலையில் யாரையுமே கூட்டிவரவில்லை என்று சொன்னது மறந்துபோயிருக்கும்.

"இல்லய்யா, இருந்தாரு. இருட்டுல முகம் தெரியல. விடிய விடிய என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாரு." மருமகன் தன் உள்ளங்கையை விரித்தான். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதில் அச்சு மை கறுப்பாகப் பளபளத்தது. "வெளிய போனா ஒண்ணு கேளுங்கன்னாரு. என் அக்கா கோர்ட்டு வாசல்ல காத்திருக்கா, அவ பேரைக் கூப்பிட்டாச்சான்னு கேளுங்கன்னாரு."

அவன் திரும்பி மாமனாரைப் பார்த்தான்.

"கூப்பிட்டாச்சா மாமா?"

இன்ஸ்பெக்டர் வெண்கலத்தைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"யாருய்யா அது, வாசல்ல காத்திருக்கறது?" என்றார் நீதிபதி. "கூப்பிடு."

வெண்கலம் வாசலுக்குப் போனார். தாழ்வாரம் காலியாகக் கிடந்தது, மூலைக்கு அப்பால் ஒரே இருட்டு. வாயைத் திறந்தார். தையல்காரியின் பெயர் அவர் அடிவயிற்றிலிருந்து வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டாம் முறையும் கூப்பிட்டார். நூல் வெட்டுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை.

மூன்றாம் முறை கூப்பிட்டார். விடாமல், அவள் தம்பியின் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார்.

பெஞ்சு கிறீச்சிட்டது.

ஈரக்கால்கள் நடந்து வந்தன. அவரைத் தாண்டிப் போனபோது எண்ணெய் வாசனை அடித்தது. கோர்ட்டின் அரைக்கதவு தானாகத் திறந்து, இரண்டு பேர் நுழைகிற நேரம் வரைக்கும் திறந்தே நின்றது. பிறகு மூடிக்கொண்டது. மெழுகுவத்திச் சுடர் படுத்து எழுந்தது. சாட்சிக் கூண்டின் பலகை, யாரோ ஏறி நின்றது போல முனகியது.

மகள் அப்பாவின் கையை இறுகப் பற்றினாள். இன்ஸ்பெக்டர் பின்னுக்கு நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டார்.

நீதிபதி வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்போதும் அவர் நிமிரவில்லை.

"பேர் என்ன?" என்றார்.

கூண்டில் யாரும் இல்லை. ஆனால் பதில் வந்திருக்க வேண்டும். நீதிபதி "ம்" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

"சரி. என்ன நடந்துச்சு, சொல்லும்மா."