நடு அறை

புளியந்தீவில் வாவியைப் பார்த்தபடி நின்ற அந்த ஒல்லாந்தர் காலத்து வீட்டுக்கு ஷெரோன் வந்துசேர்ந்தபோது காலை பத்து மணி. திங்கட்கிழமை அதை இடிக்கப்போகிறார்கள். அதற்குள் அறை அறையாக அளந்து வரைபடம் கொடுத்தால், பாதுகாக்க வேண்டிய கட்டடமாக அறிவிக்கப் பார்க்கலாம் என்று தொல்பொருள் திணைக்களத்தில் சொல்லியிருந்தார்கள். நகரத்தில் இப்படிப் பதினொரு வீடுகளுக்கு அவள் வரைபடம் போட்டிருக்கிறாள். ஒன்றுகூட இன்று இல்லை.

உள்ளே பகலிலும் இருட்டு. வௌவால் எச்சத்தின் நெடி. பக்கத்து அறையில் காலடி கேட்டது. உதவிக்கு வந்த முப்லிஹாதான் என்று நினைத்து, அளக்கும் டேப்பின் நுனியை வாசலால் நீட்டினாள். இருட்டுக்குள் யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

"பிடிச்சிட்டியா?"

"ஓம்."

பதினெட்டு அடி. எழுதிக்கொண்டாள்.

"சரி புள்ள, விடு."

விடவில்லை.

அப்போது முன்வாசலால் முப்லிஹா வந்தாள், கையில் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களோடு.

"ஆரோட அக்கா கதைக்கிறீங்க?"

ஷெரோனின் கையில் டேப் விறைத்தபடியே இருந்தது.

"அல்லாஹ்வே! வாங்க, போயிருவம். வீடு போனாப் போகட்டும்."

"இன்னும் மூண்டு அறை கிடக்கு. நான் விட்டா ஆர் அளப்பாங்க?"

முப்லிஹா அழுதுகொண்டே ஓடிவிட்டாள்.

ஷெரோன் தனியாக அளந்தாள். ஒவ்வோர் அறையிலும் மறுமுனை, கேட்காமலே, பிடிக்கப்பட்டது. கடைசியாக நடு அறை. நாலு பக்கமும் அளந்து முடித்தபோது காதருகே மூச்சு பட்டது.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டன்."

"அப்ப இனி இடிக்க மாட்டாங்கதானே?"

அந்தக் குரலில் இருந்த நம்பிக்கைதான் அவளை உலுக்கியது. டேப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வரைபடத்தைக் கொடுத்தாள். கையெழுத்துப் போட வேண்டியவர் லீவில் இருந்தார். திங்கட்கிழமை இடிக்கிற பெக்கோ இயந்திரம் வந்தது. பொழுதுபடுமுன் கல்லையும் மரத்தையும் லொறிகள் அள்ளிப்போயின.

வியாழக்கிழமை பின்னேரம் அந்த வெறும் நிலத்துக்கு அவள் போனாள். மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது.

நிலத்தின் நடுவில் ஓர் ஆட்டுக்குட்டி கத்திக்கொண்டு நின்றது. நேராக ஓடியது, திடீரென்று நின்றது, திரும்பி மறுபக்கம் ஓடியது, அங்கேயும் நின்றது. கூண்டில் அடைபட்டதைப்போல. அது சுற்றிய சதுரத்தின் அளவு அவளுக்குத் தெரியும்.

நடு அறை.

முன்பு வாசல் இருந்த இடத்தால் மெல்ல நுழைந்து, குட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

நெற்றி எதிலோ மோதியது.

எதிரே ஒன்றுமே இல்லை. வாவி தெரிந்தது. தெருவில் பஸ் ஒன்று போனது. கையை நீட்டினாள். விரல்களில் ஈரச் சுண்ணாம்பு ஒட்டியது. அவள் கூப்பிட்ட குரலுக்குத் தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசல் இருந்த பக்கத்தைத் தடவினாள்.

அங்கேயும் சுவர்.