சுவரில் தொங்கிய கடவுச்சொல்

மற்ற வீடுகளில் வைஃபை கடவுச்சொல்லை ரகசியமாக வைத்துக்கொள்வார்கள். தும்பியின் வீட்டில் அதைப் பலகையில் எழுதிக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

எழுதியவர் தும்பியின் மாமா. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது அவர் தொழில். நீலப் பலகை, மஞ்சள் எழுத்து, எழுத்துக்கு வெள்ளை நிழல். வலது மூலையில், வழக்கம்போல, அவருடைய கையெழுத்து.

கடவுச்சொல்லை அப்படி மாட்டியதற்குக் காரணம் இருந்தது. அந்தக் குடியிருப்புக்கு அவர்கள் வந்த அன்று லிஃப்ட் ஓடவில்லை. கட்டில், பீரோ, பெயின்ட் டப்பாக்கள் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தார்தான் மாடிக்குத் தூக்கி வந்தார்கள். ஆளுக்கு ஒரு குவளைத் தண்ணீரைத் தவிர வேறெதையும் வாங்கிக்கொள்ளவில்லை. மாமாவுக்கு அது நெஞ்சில் நின்றுவிட்டது.

"நம்மகிட்ட நல்ல வைஃபை இருக்கு. யாரும் வந்து கேட்டுட்டு நிக்கக் கூடாது. பார்த்தாங்களா, போட்டுக்கிட்டாங்களான்னு இருக்கணும். அதுதான் நம்ம குடும்பத்துக்கு மரியாதை" என்று சொல்லி ஆணி அடித்தார்.

எதிர்வீட்டு அக்கா அந்த வைஃபையில் பாடம் படித்தாள். காவலாளி அண்ணன் மாலையில் மாடிப்படியில் உட்கார்ந்து, தொலைவில் இருக்கும் தன் கைக்குழந்தையை வீடியோவில் பார்த்தார். குழந்தை பொக்கை வாயைக் காட்டினால் அவர் சிரிப்பு மொட்டைமாடி வரை கேட்கும்.

ஓரிடத்தில் நிற்காமல் பறப்பதால்தான் தும்பிக்கு அந்தப் பெயர். ஆனால் அன்று அவள் மேசைக்கு அடியில் அசையாமல் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மேசையில் அம்மா மடிக்கணினி முன்னால் அலுவலகக் கூட்டத்தில் இருந்தார். ஆஸ்பத்திரிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சரிபார்ப்பது அம்மாவின் வேலை.

"மேடம், உங்க தலைக்கு மேல ஒரு போர்டு தெரியுதே, ரொம்ப அழகா இருக்கு. என்ன அது?" என்று கேட்டார் அலுவலகத்தின் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் பெண் அதிகாரி.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க அண்ணன் எழுதினது. எங்க வீட்டு வைஃபை பாஸ்வேர்டு!"

 கணினியில் யாரோ ஒருவர் இருமினார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"இத்தனை மாசமா நாங்க எல்லாரும் அதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தோமா?"

"நான் வி.பி.என். வழியாத்தானே மேடம் வேலை பார்க்கறேன்? பத்திரமான சுரங்கப்பாதை மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சுரங்கம் பத்திரம்தான். ஆனா அதோட வாசல் உங்க வீட்டுக்குள்ள இருக்கே! கெட்ட எண்ணம் உள்ளவன் ஒருத்தன் உங்க வைஃபைக்குள்ள வந்துட்டா, உங்க கணினிக்குப் பக்கத்துலயே வந்து நின்ன மாதிரி. சரி, ரவுட்டர் செட்டிங்கை மாத்தறதுக்குன்னு இருக்கற பாஸ்வேர்டையாவது மாத்தினீங்களா?"

"அப்படி ஒண்ணு தனியா இருக்கா?"

அதிகாரி மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார்.

"நோயாளிங்க நம்மளை நம்பிக் கொடுத்த விவரம் மேடம். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணிடுங்க. இல்லேன்னா உங்க இணைப்பை நிறுத்தியாகணும். நீங்க தலைமை அலுவலகத்துக்கே வந்துடற மாதிரி ஆயிடும்."

மேசைக்கு அடியில் தும்பி பென்சிலைக் கீழே வைத்தாள். தலைமை அலுவலகம் வேறு ஊரில் இருந்தது. போன வருடம் அம்மா அங்கேதான் தங்கியிருந்தார். சனி, ஞாயிறு மட்டும்தான் வீட்டுக்கு வருவார். மறுபடியுமா?

விஷயம் கேட்டதும் மாமாவின் முதுகு பலகைபோல நிமிர்ந்தது.

"கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கறதா? நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கமே கிடையாது!"

"உங்களைக் கழட்டச் சொல்லலை அண்ணா. நான் அங்கேயே போயிடறேன்" என்றார் அம்மா.

மாமா தங்கையின் முகத்தைப் பார்த்தார். தும்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் ஏறிப் பலகையைக் கழற்றினார். சுவரில் ஆணி மட்டும் மிஞ்சியது.

"அந்தக் காவலாளித் தம்பிகிட்ட எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்லப்போறேன்?" என்று முணுமுணுத்தார்.

மறுநாள் காலை ஒரு பேக்கரிக்காரர் தன் கடைப் பலகையை வாங்க வந்தார். மாமா அவரை முன்னறையில் நல்ல நாற்காலியில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்.

"பின்னாடி ரூம்லதானே எழுதறீங்க? ஒரு எட்டு பார்த்துட்டு வரட்டுமா?"

"அங்க மட்டும் வேண்டாம். எல்லாம் ஈரப் பலகை. நீங்க இங்கேயே சௌகரியமா இருங்க" என்று சொல்லி, மாமா பின்னறைக் கதவைச் சாத்தினார்.

பேக்கரிக்காரருக்குக் கோபமே வரவில்லை. இன்னொரு தேநீர் வாங்கிக் குடித்தார்.

தும்பி அவரையும் சாத்திய கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்த நொடி அம்மாவிடம் பறந்தாள்.

"அம்மா, அந்த மேடத்துக்குப் போன் போடுங்க! சீக்கிரம்!"

போனில் மூச்சு வாங்கியபடி கேட்டாள். "மேடம், எங்க வீட்ல வந்தவங்களுக்கு முன்னறை, மாமாவோட வேலைக்குப் பின்னறை. வைஃபைக்கும் அந்த மாதிரி ரெண்டு அறை வைக்க முடியுமா? நடுவுல கதவு போட்டு?"

"முடியுமே! பெரும்பாலான ரவுட்டர்ல விருந்தினர் வைஃபைன்னே ஒண்ணு இருக்கு. ரவுட்டர் முன்னாடி போய் உட்காருங்க, ஒவ்வொண்ணா சொல்றேன். ஆமா, இதைக் கேக்கறது யாரு?"

"தும்பி. மேசைக்கு அடியில இருந்தேனே, அது நான்தான்!"

அதிகாரி சிரித்தார். அவர் சொல்லச் சொல்ல அம்மா செய்தார். முதலில் ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்தார். செட்டிங்கைப் பூட்டும் கடவுச்சொல்லை மாற்றினார். பிறகு அம்மாவின் வேலைக்கென்று புதிய பெயரில், புதிய கடவுச்சொல்லோடு ஒரு வைஃபை.

"பழைய பேரும் பழைய பாஸ்வேர்டும் விருந்தினர் வைஃபைக்கே இருக்கட்டுமா மேடம்? மாமா கொடுத்த வாக்கு அது" என்றாள் தும்பி.

"இருக்கட்டும். அங்கிருந்து யாரும் உங்கம்மா பக்கம் வர முடியாது. ஆனா அந்த போர்டு இனிமே கேமராவுல தெரியவே கூடாது, சரியா?"

பலகை வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவருக்குப் போனது. மாமா அதன் தலைப்பில் 'விருந்தினருக்கு' என்று ஒரு வரி சேர்த்தார்.

அன்று மாலை காவலாளி அண்ணன் படியில் உட்கார்ந்து போனை எடுத்தார். மாமா கதவிடுக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன் தானாகவே வைஃபையில் சேர்ந்தது. சிரிப்பு மொட்டைமாடி வரை கேட்டது. மாமா மூச்சு விட்டார்.

"தும்பி, அம்மாவோட புது பாஸ்வேர்டு என்ன?"

"அது எனக்கே தெரியாது மாமா. பலகையோட வந்துடாதீங்க!"

மாமா வாய்விட்டு நன்றி சொல்லிப் பழக்கமில்லாதவர். தும்பியின் தலைமுடியைக் கலைத்துவிட்டுப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில், அம்மாவின் தலைக்கு மேல், அதே ஆணியில் ஒரு புதுப் பலகை தொங்கியது. 'நன்றி' என்ற ஒரே சொல். மஞ்சள் எழுத்து, வெள்ளை நிழல்.

அதிகாரி பதறிப்போனார். "மேடம், இது பாஸ்வேர்டு இல்லையே?"

"இல்லை மேடம், இது உங்க எல்லாருக்கும்" என்றார் அம்மா.

எல்லோரும் கைதட்டினார்கள். மேசைக்கு அடியிலிருந்து தும்பி தலையை நீட்டி நிமிர்ந்து பார்த்தாள். மாமா எப்போதும் கையெழுத்துப் போடும் வலது மூலையில் இந்த முறை கையெழுத்தைக் காணோம். அந்த இடத்தில், கண்ணாடிச் சிறகு விரித்து, ஒரு குட்டித் தும்பி உட்கார்ந்திருந்தது.